வேட்டையாடி வாழ்ந்தவங்க இருந்த இடத்துல லேசர் ஸ்கேன் போட்டா என்னதான் தெரியும்?

தேரிக்காட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். தொல்லியல் எம்.ஏ. ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், ப்ராஜெக்ட் டாபிக் குடுக்கணும், இங்க சர்வே வேலை பாக்குறவங்களும் அகழாய்வுல இருக்கிறவங்களும் இருக்கீங்கன்னு நம்பி கேக்குறேன்.

லைடார், அதான் லேசர் அடிச்சு தூரம் அளந்து மேப் போடுற முறை, அது பத்தி எங்க படிச்சாலும் மாயா நகரம், அங்கோர் இது ரெண்டுதான் வருது. குவாத்தமாலா காட்டுக்கு மேல பிளேன்ல பறந்து லேசர் அடிச்சாங்க, மரத்தை எல்லாம் கழிச்சுட்டு பாத்தா பிரமிடு, ரோடு, வாய்க்கால்னு மொத்த ஊரே தெரிஞ்சுதுன்னு. சரி, அவங்க கல்லை வச்சு கட்டினவங்க, தெரியத்தான் செய்யும். எனக்கு பிடிச்சது அதுக்கு முந்தின வாழ்க்கை. விதைக்காம, வேட்டையாடி, மீன் புடிச்சு, கிழங்கு தோண்டி வாழ்ந்தவங்க. அவங்க விட்டுட்டு போனது நாலு கல் சில்லு, கொஞ்சம் கரி, ஒடஞ்ச எலும்பு அவ்வளவுதானே. செவுரு கிடையாது, கோட்டை கிடையாது, ஒரு சீசன் தங்கிட்டு கிளம்பிடுவாங்க. ஆகாசத்துல இருந்து லேசர் அடிச்சா இதுல எது தெரியப் போகுது?

எங்க சீனியர் ஒருத்தர் சொன்னாரு, நகரம் தேடுறவனுக்குத்தான் லைடார், கற்காலம் பாக்குறவன் மண்வெட்டியும் சல்லடையும் எடுத்துட்டு போன்னு. குகைக்குள்ள ட்ரைபாட் வச்சு ஸ்கேன் பண்றதும் மியூசியத்துல சுத்திக் காட்ற படத்துக்குத்தானாம், ஆராய்ச்சிக்கு இல்லையாம். அவரு சொல்றது உண்மையா? உண்மைன்னா நான் இதைக் கத்துக்க நேரம் செலவு பண்ணாம கல்லாயுத அனாலிசிஸ்லயே உக்காந்துடுவேன். இல்லன்னா உருப்படியா என்ன கண்டுபிடிச்சாங்கன்னு இடம் பேரோட சொல்லுங்க, தேடிப் படிச்சுக்கிறேன்.

புள்ளிமேகம்:

தங்கச்சி, நான் தொல்லியல் படிச்சவன் இல்ல, லைடார் டேட்டா ப்ராசஸ் பண்றதுதான் பொழப்பு. உங்க சீனியர் சொன்னதுல கல் சில்லு விஷயம் சரி. 3 சென்டிமீட்டர் சில்லு எந்த பிளேன்ல இருந்தும் தெரியாது. ஆனா வேட்டைக்காரங்க நிலத்துல ஒண்ணுமே பண்ணலங்கறது தப்பு. குழி தோண்டினாங்க. ஆயிரக்கணக்குல தோண்டினாங்க.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து பக்கம் பாருங்க. எல்க் மானையும் ரெய்ன்டீரையும் புடிக்க அது நடந்து போற தடத்துல வரிசையா குழி வெட்டி மேல கிளையைப் போட்டு மூடி வச்சிருக்காங்க. ரெண்டு ஏரிக்கு நடுவுல நிலம் குறுகலா இருக்குல்ல, மிருகம் அந்த வழியாத்தான் வந்தாகணும், அங்க குறுக்கால ஒரு வரிசை. இப்போ காட்டுக்குள்ள நடந்து போனா பாசி மூடின ஒரு பள்ளம் கால்ல தட்டும், பக்கத்துல இன்னொண்ணு இருக்கும், அவ்வளவுதான். அது ஒரு கோடா போகுதுங்கறது மேல இருந்து பாத்தாத்தான் புரியும், ஆனா மேல இருந்து போட்டோ எடுத்தா பைன் மரம்தான் தெரியும். லைடார் வேலை அங்கதான். நார்வேல 2012லயே இந்தக் குழிகளை கம்ப்யூட்டரே தேடிக் குடுக்கிற முறையை பேப்பரா போட்டுட்டாங்க.

நிறைய பேரு லேசர் இலையைத் துளைச்சுட்டு போகும்னு எழுதுறாங்க, அப்படி இல்ல. கூரை ஓட்டை வழியா வெயில் விழற மாதிரி இலை இடுக்குல எது தப்பிச்சுப் போகுதோ அதுதான் தரையைத் தொடும். ஒரே துடிப்புல கொஞ்சம் இலையில பட்டு திரும்பும், கொஞ்சம் கிளையில, மிச்சம் தரையில. ஒளி ஒரு நானோசெகண்டுல 30 சென்டிமீட்டர் போகும், போயிட்டு வரணும்ங்கறதால ஒரு நானோசெகண்ட் வித்தியாசம்னா 15 சென்டிமீட்டர் தூரம்னு கணக்கு. கடைசியா திரும்பி வந்ததுல தரைன்னு தோணுறதை மட்டும் பொறுக்கி எடுத்து மேப் பண்றோம். அடர்ந்த புதர் இருந்தா எவ்ளோ காஸ்ட்லி மெஷின் வச்சாலும் தரைப்புள்ளி கம்மிதான்.

இப்போ ஒரு கணக்கு போடுங்க. 3 மீட்டர் அகலக் குழி, பரப்பு கிட்டத்தட்ட 7 சதுர மீட்டர். பின்லாந்துல நாடு முழுக்க முதல்ல எடுத்த டேட்டா சதுர மீட்டருக்கு அரைப்புள்ளி. அப்போ அந்தக் குழிக்குள்ள விழறது மூணு நாலு புள்ளி. அதுல ரெண்டு மரத்துலயே நின்னுட்டா குழியே இல்ல. அடுத்த சுத்துல சதுர மீட்டருக்கு 5 புள்ளின்னு எடுக்க ஆரம்பிச்சாங்க, அதே குழியில 35 புள்ளி, கரை எது அடி எதுன்னு உருவம் வந்துடும். மாயா பிரமிடுக்கு அரைப்புள்ளி கூட போதும், வேட்டைக்குழிக்கு போதாது. அதனாலதான் இந்த விஷயம் லேட்டா பேசப்படுது, அங்க ஒண்ணும் இல்லங்கறதால இல்ல.

இன்னொரு சிக்கல், தரையைப் பிரிச்செடுக்கிற சாஃப்ட்வேர். அதுக்கு தெரிஞ்ச உலகம் ரோடும் வயலும் பில்டிங்கும். சின்ன மேடு பள்ளத்தை எல்லாம் நாய்ஸ்னு நெனச்சு வழிச்சு எடுத்துடும். வெள்ளக் கணக்குக்காக வாங்கின டேட்டாவை தொல்லியலுக்கு திரும்ப யூஸ் பண்றப்போ ரெடிமேட் தரை மாடலை நம்பாதீங்க, மூலப்புள்ளிய வாங்கி நீங்களே ஃபில்டர் பண்ணுங்க. ஹில்ஷேட்டும் (ஒரு பக்கம் வெளிச்சம் போட்ட மாதிரி மேடு பள்ளத்தை நிழலா காட்ற படம்) அப்படித்தான், பெரும்பாலான சாஃப்ட்வேர் வழக்கமா வடமேற்குல இருந்து வெளிச்சம் போடும், அந்த திசையிலயே போற வரப்போ கரையோ இருந்தா நிழலே விழாது, கண்ணுக்கு முன்னாடி இருந்தும் தெரியாது. நாலஞ்சு திசையில போட்டுப் பாக்கணும்.

குகைவாசல்:

மேல அண்ணன் ஆகாசத்தைப் பாத்துக்கிட்டாரு, நான் குகை பத்தி சொல்றேன், ஏன்னா அந்த மியூசியம் படம்ங்கற பேச்சு கேட்டா எனக்கு ஆத்திரமா வருது.

தென்னாப்பிரிக்கால நார்தர்ன் கேப்ல வொண்டர்வெர்க்னு ஒரு குகை. மலைக்குள்ள நேரா கிட்டத்தட்ட 140 மீட்டர் போகுது. 1940கள்ல அங்க இருந்த விவசாயிங்க உள்ள இருந்த மண்ணையும் வவ்வால் எச்சத்தையும் உரத்துக்கு அள்ளிட்டு போனாங்க. அதுக்கப்புறம் ஆராய்ச்சிக்காரங்க வந்து தோண்டினாங்க, 1978ல இருந்து பீட்டர் போமாண்ட் பல வருஷம் தோண்டினாரு, அப்புறம் மைக்கேல் சாசன், லியோரா கோல்ஸ்கா ஹார்விட்ஸ் குழு. மேல் அடுக்குல பிற்கால வேட்டை மக்களோட சாமான், கோடு கீறின கல்லு, வாசல் பக்கச் செவுத்துல ஓவியம். கீழ போகப் போக லட்சக்கணக்கான வருஷம். வாசல்ல இருந்து 30 மீட்டர் உள்ள, சுமார் 10 லட்சம் வருஷத்துக்கு முந்தின அடுக்குல நெருப்பு எரிஞ்ச தடயம் இருக்குன்னு 2012ல பேப்பர் வந்துச்சு, சாம்பலும் கருகின எலும்பும் மைக்ராஸ்கோப்ல பாத்து சொன்னது.

இப்போ யோசிங்க. நாலு தலைமுறை ஆளுங்க, ஆளுக்கொரு கட்டம் போட்டு, ஆளுக்கொரு ஜீரோ பாயின்ட் வச்சு, நீளமான ஒரு குகையில அங்க ஒண்ணு இங்க ஒண்ணா தோண்டியிருக்காங்க. நடுவுல உரத்துக்கு அள்ளின பள்ளம் வேற. வாசல் பக்கம் தோண்டின குழியோட மேல் அடுக்கும் உள்ள தோண்டின குழியோட மேல் அடுக்கும் ஒரே மட்டமா, ஒண்ணு மேல ஒண்ணு கீழயா? இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரியாம 10 லட்சம் வருஷம்னு பேசவே முடியாது. கேப் டவுன் பல்கலைக்கழகத்து ஜமானி திட்டம்னு ஹைன்ஸ் ரூதர் தலைமையில ஒரு குழு, ஆப்பிரிக்கா முழுக்க பழைய இடங்களை ஸ்கேன் பண்றவங்க, அவங்க குகை மொத்தத்தையும் தரை, கூரை, செவுரு, தோண்டின குழி எல்லாத்தோடவும் ஸ்கேன் பண்ணி ஒரே அளவு முறைக்குள்ள கொண்டு வந்தாங்க. 2009ல அது பேப்பரா வந்துச்சு. அது மியூசியத்துக்கு எடுத்த படம் இல்லங்க. அகழாய்வோட அடிப்படைக் கணக்கு.

அந்த வேலை எவ்ளோ கஷ்டம்னு குகைக்குள்ள ஸ்கேனர் தூக்கினவங்களுக்குத்தான் தெரியும். ஸ்கேனர் நிக்கிற இடத்துல இருந்து நேரா தெரியுறதை மட்டும்தான் அது பாக்கும், ஒரு பாறை இருந்தா அதுக்குப் பின்னாடி கருப்பா ஓட்டை விழும். அதனால ட்ரைபாடை நகத்தி நகத்தி வைக்கணும், ஒவ்வொரு நிலையையும் அடுத்ததோட ஒட்டணும். நீளமான குகையில இது சங்கிலி, ஒவ்வொரு ஒட்டுலயும் ரெண்டு மில்லிமீட்டர் ஆடினா கடைசி முனையில அது பெரிசா நிக்கும். டோட்டல் ஸ்டேஷன்ங்கற சர்வே கருவி வச்சு நடுநடுவுல துல்லியமா அளந்த கன்ட்ரோல் பாயின்ட் போடலன்னா நீளமான ஸ்கேனை நம்பவே கூடாது. ஈரப்பாறை, பழைய அடுப்புப் புகை படிஞ்ச கருப்புப் பாறை ரெண்டுலயும் திரும்பி வர்ற சிக்னல் மோசம். வெறும் நிறமா இருக்கிற ஓவியத்துக்கு உருவமே கிடையாது, வெறும் லேசர் உயரத்துல அது வராது, அதுக்கு நல்ல போட்டோவும், டிஸ்ட்ரெச் மாதிரி நிறத்தைப் பிரிச்சுக் காட்ற மென்பொருளும் வேணும். கீறின உருவமா இருந்தா கதை வேற, கண்ணுக்குத் தெரியாத கீறல் கூட சாய்வா வெளிச்சம் போட்டா மாடல்ல எழும்பி வரும்.

ரெண்டாவது, பிரான்ஸ்ல சொவே குகை. 1994 டிசம்பர்ல கண்டுபிடிச்சது. சிங்கம், காண்டாமிருகம், குதிரை, ஓவியம் எல்லாம் கரி டேட்டிங்ல 36,000 வருஷம் வரைக்கும் போச்சு. சில பேர் ஒத்துக்கல, இவ்ளோ நல்லா வரைஞ்சது இவ்ளோ பழசா இருக்காது, ஸ்டைலை வச்சு பாத்தா பல ஆயிரம் வருஷம் பிந்தினதுன்னாங்க. ஓவியத்தை சுரண்டி சுரண்டி எத்தனை தடவைதான் டெஸ்ட் பண்றது? அப்போதான் ஒரு குழு ஓவியத்தை விட்டுட்டு வாசலைப் பாத்தாங்க. பழைய வாசல் மலைச்சரிவு இடிஞ்சு மூடிக் கிடக்கு. அந்தப் பாறைமுகத்தையும் இடிஞ்சு விழுந்த குவியலையும் முப்பரிமாணத்துல அளந்து, இடிஞ்ச பிறகு வெளிய தெரிஞ்ச பாறையில விண்கதிர் பட்டு காலப்போக்குல சேருற குளோரின் 36 அளவு பாத்து, எப்போ இடிஞ்சதுன்னு கணக்கு போட்டாங்க. சுமார் 29,000 வருஷத்துக்கு முன்னாடி இடிய ஆரம்பிச்சு 21,000 வாக்குல மொத்தமா மூடிடுச்சுன்னு 2012ல சொன்னாங்க. மூடின குகைக்குள்ள யாரும் போயி வரைஞ்சிருக்க முடியாது. சண்டைக்கு ஒரு தளம் போட்டாங்க, அதுக்குக் கீழ வயசை இறக்க முடியாது. ஓவியத்தைத் தொடாமலே.

உங்க சீனியர்கிட்ட இதைக் காட்டுங்க.

அடுக்குமண்:

மேல ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்காங்க, மறுக்கல. ஆனா நான் குழியில உக்காந்து தூரிகை புடிச்சவன், அதனால ஒண்ணு அழுத்தி சொல்லிடறேன். லேசருக்கு காலம் தெரியாது. அது சொல்றது உருவம் மட்டும். பின்லாந்து காட்டுல வட்டமா ஒரு பள்ளம் தெரியுதுன்னு வச்சுக்கோங்க, அது கற்கால வீட்டுப்பள்ளமா, மான் குழியா, இருநூறு வருஷத்துக்கு முன்னாடி பைன் கட்டையை எரிச்சு தார் எடுத்த குழியா, மரம் வேரோட சாஞ்சு வந்த பள்ளமா? தார் அங்க பெரிய ஏற்றுமதி, காடு முழுக்க அந்தக் குழி கிடக்கு. மேல இருந்து பாத்தா எல்லாம் வட்டம்தான். கடைசியில ஒருத்தன் நடந்து போயி, ஆகர் (மண்ணைத் துளைச்சு எடுக்கிற கருவி) போட்டு மண்ணை எடுத்து, கரி இருக்கா, எலும்பு இருக்கான்னு பாத்தாத்தான் உண்டு.

என் பயம் என்னன்னா, படம் அழகா வருதுன்னு நிதி எல்லாம் ஸ்கேனுக்குப் போகுது, தோண்டி எடுத்த சாமான் பெட்டியில கழுவாம கிடக்கு. ஸ்கேன் எடுத்தாச்சு, இனி இடம் போனா பரவால்லன்னு பேசறவங்களும் வந்துட்டாங்க. ஆஸ்திரேலியால ஜூக்கன் பள்ளத்தாக்குல 46,000 வருஷமா மனுஷன் வந்து போன பாறைக்குகையை 2020 மே மாசம் இரும்புத்தாதுக்காக வெடி வச்சு தகர்த்தாங்க. வெடி வைக்கிறதுக்கு முன்னாடி அவசர அகழாய்வும் நடந்திருந்துச்சு, பதிவு இருந்துச்சு. இடம் போச்சே. அந்த மண்ணுக்குச் சொந்தக்கார மக்களுக்கு எந்த மாடலும் அதை ஈடு கட்டாது.

கத்துக்கோங்கம்மா, வேணாம்னு சொல்லல. கல்லாயுதத்தை விட்டுட்டு கத்துக்காதீங்க.

புள்ளிமேகம்:

அடுக்குமண் சார் சொல்றதுல தார்குழி விஷயம் நூத்துக்கு நூறு சரி, நான் எழுத மறுபடி வந்ததே காலம் பத்தி. பொதுவா லேசருக்கு காலம் தெரியாதுதான், ஆனா பின்லாந்து மேற்குக் கடற்கரை மாதிரி இடத்துல உயரமே ஒரு கடிகாரம் சார். பனியுகத்துல மேல இருந்த பனிப்பாளம் உருகினதும் அமுங்கின நிலம் எழும்ப ஆரம்பிச்சுது, இன்னைக்கும் பாத்னியா வளைகுடா ஓரம் வருஷத்துக்கு 8, 9 மில்லிமீட்டர் எழும்புது. சீல் வேட்டையும் மீனும்தான் வாழ்க்கைன்னு இருந்தவங்க கடல் ஓரத்துலதான் வீடு போட்டாங்க. இப்போ அந்த வீட்டுப்பள்ளங்கள் கடலை விட்டு வெகுதூரம் உள்ள, 50, 60 மீட்டர் உயரத்துல பழைய கரையோரமா வரிசையா நிக்குது. லைடார் உயரத்தை டெசிமீட்டர் கணக்குல சொல்லுது, அந்த உயரம் எப்போ கடல்ல இருந்து வெளிய வந்துச்சுன்னு தெரியும், அதுக்கு முன்னாடி அங்க வீடு இருக்க முடியாது. சொவே வாசல் கணக்கு மாதிரி இதுவும் ஒரு எல்லைக்கோடுதான், ஆனா ஒரு குழி கூட தோண்டாம நூத்துக்கணக்கான இடத்துக்கு அந்தக் கோடு கிடைக்குது.

அதே கடற்கரையில ராட்சசக் கோயில்னு ஊர்ல சொல்ற கல்வளையங்கள் இருக்கு, ராஹே பக்கம் கஸ்டெல்லின்னு ஒண்ணு, 60 மீட்டர் அளவுக்கு நீளம், கல்லைக் குவிச்சு கட்டின சுத்துக்கரை. கட்டினது நாலாயிரம் வருஷத்துக்கு மேல, சீல் வேட்டைக்காரங்க. எதுக்குக் கட்டினாங்கன்னு இன்னும் பேசிட்டு இருக்காங்க. வேட்டைக்காரங்க கட்ட மாட்டாங்கன்னு யாரு சொன்னது!

தேரிக்காட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. சொவே வாசல் விஷயம் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல.

அண்ணா, எனக்கு பிளேனும் இல்ல, ஸ்கேனரும் இல்ல, காலேஜ்லயும் கிடையாது. சும்மா வீட்டுல உக்காந்து கத்துக்க டேட்டா எங்கயாவது கிடைக்குமா? வேட்டை மக்கள் இடமாவே இருந்தா நல்லா இருக்கும். ஒரு ஃப்ரெண்டுகிட்ட ஐபோன் ப்ரோ இருக்கு, அதுல லைடார் இருக்குன்னு சொல்றாங்களே அது எதுக்காவது ஆகுமா? கடைசியா ஒண்ணு, எங்க ஊரு தூத்துக்குடி பக்கம், தேரின்னு சொல்ற செம்மணல் மேட்டுல நுண்கற்கருவி கிடைக்குது, அங்க இதெல்லாம் உதவுமா?

புள்ளிமேகம்:

டேட்டா இலவசம். பின்லாந்து நில அளவைத் துறை 2012 மே மாசத்துல இருந்து திறந்து விட்டிருக்காங்க, அமெரிக்கால புவியியல் ஆய்வுத்துறை நாடு முழுக்க எடுத்ததை யாரும் இறக்கிக்கலாம். முதல்ல லூசியானால பாவர்ட்டி பாயின்ட்டை எடுங்க, அதுக்கு மேல ஒரு பாடம் கிடையாது.

மிசிசிப்பி சமவெளி ஓரம், கிமு 1700ல இருந்து 1100 வரைக்கும் இருந்த இடம். பயிர் வைக்கல. மீன், மான், கொட்டை, ஏக்கார்ன்னு சொல்ற ஓக் மரக் கொட்டை இதுதான் சாப்பாடு. அந்த மண்ணுல கல்லே கிடையாது, அதனால களிமண்ணை உருண்டை புடிச்சு சுட்டு, அதைச் சூடாக்கி குழி அடுப்புல போட்டு சமைச்சிருக்காங்க, விதவிதமான உருவத்துல அந்த உருண்டை அள்ள அள்ள கிடைக்குது. ஆயுதத்துக்கான கல்லு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்து வந்திருக்கு, செம்பு பெரிய ஏரிகள் பக்கத்துல இருந்து. இந்த மக்கள் கூடையில மண்ணைச் சுமந்து ஆறு அரைவட்ட வரப்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்டிருக்காங்க, வெளி வரப்போட விட்டம் ஒரு கிலோமீட்டருக்கு மேல. மேற்கால ஒரு பெரிய மண்மேடு, 22 மீட்டர் உயரம், ரெண்டு லட்சம் கனமீட்டருக்கு மேல மண்ணு. உள்ள வெட்டிப் பாத்தா அடுக்குக்கு நடுவுல மழை அரிச்ச தடமே இல்ல, அதை வச்சு மூணு மாசத்துக்குள்ளயே கட்டி முடிச்சிருக்கணும்னு டிரிஸ்ட்ராம் கிடர் குழு சொல்லுது. அவ்ளோ மழை பெய்யுற ஊர்ல! எத்தனை ஆளு வந்து நின்னிருக்கணும், அவங்களுக்கு எவ்ளோ மீன் புடிச்சிருக்கணும்னு யோசிச்சா தலை சுத்துது. 2014ல உலகப் பாரம்பரிய இடமாச்சு.

இப்போ லேசருக்கு வருவோம். 1913ல கிளாரன்ஸ் மூர் வந்து மேட்டை எல்லாம் அளந்துட்டு போனாரு, அந்த ஆறு வரப்பு அவரு கண்ணுல படல. அது மேலயே நடந்திருப்பாரு. உழுது உழுது கரைஞ்சு போன வரப்பு, பல இடத்துல முழங்கால் உயரம் கூட இல்ல, அகலமோ அதிகம், கால் வச்சா ஏத்தம் தெரியாது. 1950கள்ல ஜேம்ஸ் ஃபோர்டுங்கற தொல்லியலாளர் ஆகாசத்துல இருந்து எடுத்த பழைய போட்டோ ஒண்ணைப் பாக்குறப்போதான் அந்த அரைவட்டம் புலப்பட்டுச்சு. இன்னைக்கு லைடார்ல இறக்கி ஹில்ஷேட் போட்டா நிமிஷத்துல வருது, வரப்புக்கு நடுவுல விட்ட இடைவெளி, மண்ணு எடுத்த பள்ளம், குறுக்கால வெட்டிக்கிட்டு போற 577ஆம் நம்பர் ஹைவே எல்லாம் ஒண்ணா தெரியும். ஹைவேயையும் டிராக்டர் தடத்தையும் பழைய வரப்பையும் பிரிச்சு அறியுறதுதான் உங்களுக்கு முதல் பயிற்சி.

கியூஜிஐஎஸ்ங்கற மேப் மென்பொருள் இலவசம், மேடு பள்ளத்தைப் படமா காட்ற, ஸ்லோவேனியாக்காரங்க குடுத்த ரிலீஃப் விசுவலைசேஷன் டூல்பாக்ஸும் இலவசம். ஹில்ஷேட்டோட நிக்காதீங்க, ஸ்கை வியூ ஃபேக்டர் (ஒவ்வொரு புள்ளியில இருந்தும் எவ்ளோ வானம் தெரியும்ங்கற கணக்கு), லோக்கல் ரிலீஃப் ரெண்டும் போடுங்க, பாவர்ட்டி பாயின்ட் மாதிரி தட்டையான நிலத்துக்கு லோக்கல் ரிலீஃப்தான் கைகொடுக்கும். லோக்கல் ரிலீஃப்ல பெரிய சரிவைக் கழிச்சுட்டு அக்கம்பக்கத்தை விட எவ்ளோ உயரம்னு மட்டும் காட்டும்.

ஐபோன் லைடார் 5 மீட்டர் வரைக்கும்தான் எட்டும், சென்டிமீட்டர் கணக்குல பிழை இருக்கும். ஒரு அகழாய்வுக் குழியோட மொத்த உருவத்தைப் பதிவு பண்ண தாராளமா போதும், ஸ்கெட்ச்சுக்கு துணையா வச்சுக்கலாம். கல்லாயுதத்தோட சில்லு விளிம்பு எல்லாம் அதுல வராது. அதுக்கு சாதா கேமராவுல சுத்திச் சுத்தி போட்டோ எடுத்து, அதுல இருந்து முப்பரிமாண மாடல் உருவாக்குற ஃபோட்டோகிராமெட்ரி பண்ணுங்க, ஸ்கேல் பட்டை வைக்க மறக்காதீங்க.

உப்புக்காத்து:

ஒரு வரி சேத்துக்கிறேன். கடலுக்குள்ள போன இடத்துக்கு இந்த லேசர் வேலைக்காகாது, சாதாரணமா வர்ற அகச்சிவப்பு லேசரைத் தண்ணி குடிச்சுடும், பச்சை லேசர் தெளிவான ஆழம் கம்மியான தண்ணிக்கு மட்டும். அதனால பால்டிக் கடல்ல ஜெர்மனி பக்கம் 21 மீட்டர் ஆழத்துல ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு கல்வரிசை ஒண்ணை சோனார்ல, அதான் ஒலி அனுப்பி ஆழம் அளக்குற கருவியில, புடிச்சாங்க, ரெய்ன்டீரை ஒரு பக்கமா ஓட்டி மடக்க வேட்டைக்காரங்க போட்டதுன்னு 2024ல பேப்பர் வந்திருக்கு. மார்செய் பக்கத்து கோஸ்கே குகை இன்னும் விசேஷம், வாசல் கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழ, முங்கி நீந்தி மேல ஏறிப் போனா காத்து இருக்கிற அறையில குதிரை ஓவியம், கை அச்சு. அந்த அறைக்குள்ள ஸ்கேனர் கொண்டு போயி எடுத்திருக்காங்க. கடல் ஏற ஏற கீழ இருக்கிற ஓவியம் தண்ணிக்குள்ள போயிட்டு இருக்கு, அங்க ஸ்கேன் பண்றது ஓட்டப்பந்தயம்.

குகைவாசல்:

தேரி பத்தி கேட்டீங்க. சாயர்புரம் பக்கமெல்லாம் செம்மண்ல கிடைக்கிற நுண்கற்கருவி பத்தி சாய்னர், ஆல்ச்சின்ங்கற ஆய்வாளர்கள் 1956லயே எழுதிட்டாங்க, அதைப் படிச்சிருப்பீங்க. அங்க குழியும் இல்ல வரப்பும் இல்ல, கல்லு விரல்நகம் சைஸ். அதனால ஒரு தடவை ட்ரோன்ல லைடார் எடுத்து சைட் கண்டுபிடிக்கலாம்னு ப்ராஜெக்ட் எழுதாதீங்க, ஒண்ணும் வராது.

ஆனா தேரியில மண்ணு நகருது. காத்து ஒரு பக்கம் அள்ளி இன்னொரு பக்கம் கொட்டுது, மழை ஓடை அரிக்குது, லாரி வேற வருது. நான் உங்க இடத்துல இருந்தா ஒரு சின்ன இடத்தை எடுத்துக்கிட்டு காத்து சீசனுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை மேற்பரப்பை அளந்து, எங்க மண்ணு போச்சு எங்க சேந்துச்சுன்னு கழிச்சுப் பாப்பேன், நடந்து பொறுக்கின கல்லோட இடத்தை அது மேல போடுவேன். கல்லு கூட்டமா கிடக்கிறது அங்க உக்காந்து செஞ்சதாலயா, மண்ணு போயி பல காலத்துக் கல்லு ஒரே தரையில இறங்கிட்டதாலயான்னு தேரியில வேலை பாக்குற எல்லாருக்கும் இருக்கிற கேள்வி. அதுக்கு இந்த அளவு நேரடியா உதவும். இதுக்கு ட்ரோன் போட்டோவே போதும், புல்பூண்டு கம்மியான இடம், லேசர் கட்டாயம் இல்ல. ட்ரோன் பறக்க அனுமதி, நிலத்துக்காரங்க சம்மதம், மேற்பரப்புல இருந்து கல்லு எடுக்க துறை அனுமதி எல்லாம் உங்க கைடு மூலமா முதல்லயே எழுதி வாங்கிடுங்க. எடுத்த இடத்தோட சரியான கோஆர்டினேட்டை எங்கயும் பொதுவுல போடாதீங்க, மண்ணு அள்ளுறவனுக்கும் கல்லு விக்கிறவனுக்கும் அதுதான் வேணும்.

இந்த மாசம் லூசியானா டேட்டாவை இறக்கி ஹில்ஷேட் போட்டு ஸ்க்ரீன்ஷாட் இங்க போடுங்க. எது ரோடு, எது வரப்புன்னு நாங்க எல்லாரும் சேந்து பாத்து சொல்றோம்.